அளக்கும் கலையை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்

மின்னணுவியல் படித்துவிட்டு வேலை தேடும் பினாங்குப் பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவதுண்டு. அவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "பிரீக்குவென்சி கவுண்டரில் பத்து இலக்கம் தெரிகிறது. அதில் எத்தனை இலக்கத்தை நீ நம்புவாய்?" பத்தையும் நம்புவதாகச் சொல்பவர்களே அதிகம். எல்லாம் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள். சர்க்யூட் வரைவார்கள், புரோகிராம் எழுதுவார்கள். ஆனால் திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது, அதை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதை அவர்களின் குறையாக நான் நினைக்கவில்லை. உலகத்துக்கே அளவுக் கருவிகள் செய்து அனுப்பும் தீவு, தன் பிள்ளைகளுக்கு அளக்கும் கலையைக் கற்றுத்தரத் தவறியிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜெலுத்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். 1980களின் தொடக்கத்தில், பள்ளி முடித்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓப்பரேட்டராகச் சேர்ந்தேன். விடியும் முன்பே ஜாலான் ஜெலுத்தோங் ஓரத்தில் ஃபாக்டரி பஸ் வந்து நிற்கும். குளுகோர், சுங்கை நிபோங் வழியாகப் போகும் அந்தப் பஸ்ஸில் மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் தூங்கி வழிவோம். சில ஆண்டுகளில் என்னை உற்பத்தி லைனிலிருந்து கெலிப்ரேஷன் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். கருவிகளைச் சோதிக்கும் கருவிகளோடுதான் என் வாழ்க்கை போனது.

அந்தத் தொழிற்பேட்டை எப்படி வந்தது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1969-இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். அதே ஆண்டு முதலமைச்சரான துன் லிம் சொங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை அழைத்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி, போஷ், ஹியூலட்-பேக்கார்ட் உள்ளிட்ட, முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் எட்டு சாமுராய்கள் என்கிறார்கள்.

அவற்றில் ஹியூலட்-பேக்கார்டுக்கும் என் பேச்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 524ஏ என்ற அதிவேக அதிர்வெண் கவுண்டரை, அதாவது பிரீக்குவென்சி கவுண்டரை, 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. உயர் அதிர்வெண்ணை அளக்க அதற்கு முன் பத்து நிமிடம் பிடித்தது. அந்தக் கருவி அதை ஓரிரு வினாடியில் முடித்தது. அமெரிக்க வானொலி நிலையங்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்ணில்தான் ஒலிபரப்புகிறோம் என்று காட்ட அதை வாங்கின. அந்த அளவுக் கருவித் தொழில் 1999-இல் ஏஜிலண்ட் என்றும், 2014-இல் கீசைட் என்றும் பெயர் மாறி, இன்றும் பினாங்கில் நடக்கிறது. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வேலை பார்த்த தொழில் இது. அதன் அடிப்படை நமக்கு அந்நியமாக இருக்கலாமா?

அடிப்படை கடினமானதல்ல. துன் டாக்டர் லிம் சொங் இயூ நெடுஞ்சாலையில் ஒரு மேம்பாலத்தின் மீது நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடத்தில் எத்தனை கார்கள் கடக்கின்றன என்று எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் செய்வதும் இதுவே. சரியாக ஒரு வினாடிக்கு ஒரு வாசலைத் திறந்து மூடுகிறது. அதற்குள் எத்தனை அலைகள் நுழைந்தன என்று எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைதான் ஹெர்ட்ஸ். இது நேரடி எண்ணும் முறை.

இதில் தவிர்க்க முடியாத ஒரு பிழை இருக்கிறது. வாசல் திறக்கும் கணமும் அலை எழும் கணமும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை. அதனால் எண்ணிக்கையில் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் ஒன்று என்பது ஒரு கோடியில் ஒரு பங்கு, பொருட்படுத்த வேண்டாம். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை இதே முறையில் அளந்தால் அந்த ஒன்று 2 சதவீதமாகிவிடும். 49 என்றோ 51 என்றோ காட்டும் கருவியை வைத்து மின்கட்டமைப்பின் நிலையை யாரும் சொல்ல முடியாது. நூறில் ஒரு ஹெர்ட்ஸ் வரை தெரிய வேண்டுமென்றால் வாசலை 100 வினாடி திறந்து வைக்க வேண்டும். உற்பத்தி லைனில் ஒவ்வொரு பொருளுக்கும் 100 வினாடி காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அதனால்தான் தலைகீழ் முறை வந்தது. நேரத்தை நிர்ணயித்து அலைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, முழு அலைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு அவை கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கருவியின் உள்கடிகாரத்தால் அளப்பது. அலைகளின் எண்ணிக்கையை அந்த நேரத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைத்துவிடும். உள்கடிகாரம் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடியில் ஒரு கோடித் துடிப்புகள். 50 அலைகள் கடக்கும் நேரத்தை ஒரு கோடித் துடிப்புகளால் அளக்கும்போது, ஒரு துடிப்பு பிசகினாலும் பிழை ஒரு கோடியில் ஒன்றுதான். 2 சதவீதப் பிழை இருந்த இடத்தில் இப்போது ஒரு ஹெர்ட்ஸின் லட்சத்தில் ஒரு பங்கை விடச் சிறிய வேறுபாடும் தெரிகிறது. காத்திருக்கும் நேரமும் அதே ஒரு வினாடிதான்.

அளக்கும் சிக்னல் உள்கடிகாரத்தை விட மெதுவாக இருந்தால் தலைகீழ் முறை சிறந்தது. அதை விட வேகமாக இருந்தால் நேரடி முறை முந்தும். இன்றைய நல்ல கவுண்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உள்கடிகாரத்தின் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் கூறுபோடுகின்றன. கீசைட் 53230ஏ என்ற கவுண்டர் 20 பிக்கோவினாடி வரை பிரித்துப் பார்க்கும். ஒரு வினாடியில் 12 இலக்கம் காட்டும். ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

என் கவலை இந்தப் பன்னிரண்டு இலக்கத்தில்தான் தொடங்குகிறது. இலக்கம் கூடக் கூட மனிதர்களின் சந்தேகம் குறைந்துவிடுகிறது. வாசலை ஒரு வினாடி திறப்பதும், அலைகள் கடக்கும் நேரத்தை அளப்பதும் கருவிக்குள் இருக்கும் ஒரு குவார்ட்ஸ் கிறிஸ்டல்தான். அந்தக் கிறிஸ்டல் பிசகினால், அது சொல்லும் அத்தனை எண்ணும் அதே அளவுக்குப் பிசகும். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை போகாது. திரை அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

கிறிஸ்டல் சூட்டுக்கு மாறும், வயதுக்கும் மாறும். கைக்கடிகாரத்தில் இருப்பது 32,768 ஹெர்ட்ஸில் அதிரும் கிறிஸ்டல். இரண்டை இரண்டால் தொடர்ந்து பெருக்கிப் பதினைந்தாம் அடுக்குக்குப் போனால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு வினாடித் துடிப்பு கிடைத்துவிடும். அது மில்லியனில் 20 பங்கு பிசகினால் கடிகாரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் தவறும். கவுண்டருக்குள் இருப்பது அதை விட நல்ல கிறிஸ்டல்தான். ஆனாலும் சாதாரண வகை ஆண்டுக்கு மில்லியனில் ஒரு பங்கு வரை நகரக்கூடும். அப்படியானால் ஆறு இலக்கத்துக்குப் பின்னால் வருவது எல்லாம் நுணுக்கமாகத் தெரியும்; உண்மையாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. நுணுக்கமும் துல்லியமும் ஒன்றல்ல என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

தொழிற்பேட்டையில் நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 10 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்களை இரண்டு லைனில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். முதல் லைனில் தேறியவை இரண்டாவது லைனில் தோற்றன. வித்தியாசம் சுமார் 30 ஹெர்ட்ஸ். பொருளில்தான் கோளாறு என்று பல நாள் வாக்குவாதம் நடந்தது. சோல்டரைக் குறை சொன்னார்கள், சப்ளையரைக் குறை சொன்னார்கள், கடைசியில் இரவு ஷிஃப்ட் பெண்கள் கவனமில்லாமல் வேலை செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் பிரிவிலிருந்து ஒரு ருபிடியம் ரெஃபரன்ஸை, அதாவது அணுவை வைத்து நிலையான 10 மெகாஹெர்ட்ஸ் தரும் பெட்டியை, தள்ளுவண்டியில் கொண்டுபோய், இரண்டு கவுண்டர்களின் பின்பக்கத்திலும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கேபிளை இணைத்தோம். அடுத்த வினாடியே இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. பொருளில் கோளாறே இல்லை. இரண்டு கவுண்டரும் தத்தம் கிறிஸ்டலை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் மில்லியனில் மூன்று பங்கு வேறுபாடு. அந்த ஒரு கேபிள் இல்லாததால் பழி சுமந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. அளவு தவறினால் முதலில் தலைகுனிவது மெஷினின் முன்னால் நிற்கும் எளிய மனிதர்தான்.

கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. சிக்னல் உள்ளே நுழையும் இடமும் எண்ணைக் கெடுக்கும். கவுண்டர் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தை அலை கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று என்று எண்ணுகிறது. இதைத்தான் டிரிகர் லெவல் என்கிறோம். அலையோடு இரைச்சல் கலந்திருந்தால் ஒரே அலை அந்தக் கோட்டை இரண்டு மூன்று முறை கடந்துவிடும். கவுண்டரும் கூடுதலாக எண்ணிவிடும். மெதுவான சிக்னல் என்றால் வடிகட்டியைப் போட வேண்டும். வலுவான சிக்னல் என்றால் அட்டெனுவேட்டரால் குறைக்க வேண்டும். கிறிஸ்டலின் காலில் நேராகப் புரோபை வைத்தால், புரோபின் கொள்திறனே கிறிஸ்டலின் அதிர்வெண்ணை இழுத்துவிடும். அளக்கப் போன கையே அளவை மாற்றிவிடும். ஒரு பஃபர் வழியாக வரும் இடத்தில்தான் தொட வேண்டும். கருவியைப் போட்டவுடன் அளக்காமல் சூடேறி நிலைப்படும் வரை பொறுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தந்தால் இவை ஒரே மாலையில் புரிந்துவிடும்.

சரி, ருபிடியம் ரெஃபரன்ஸை யார் சரிபார்ப்பது? இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையைக் கண்டால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பதில், ஒரு வினாடி என்றால் என்ன என்பதில் தொடங்குகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அரசாங்கம் முடிவெடுத்தால் மணியை மாற்றலாம். ஆனால் ஒரு வினாடி எவ்வளவு நீளம் என்பதை எந்த அரசாங்கமும் தனியாக மாற்ற முடியாது. சீசியம்-133 அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு வினாடி என்று 1967-இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த வினாடியைச் சீசியம் கடிகாரங்களைக் கொண்டு நமக்காகக் காத்துவருவது, சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் கழகம். 2007-ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டு முறைமைச் சட்டம் அந்தப் பொறுப்புக்கு வேலி போட்டிருக்கிறது. நாட்டின் கெலிப்ரேஷன் கூடங்கள் தங்கள் ரெஃபரன்ஸை அங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவற்றின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் சாம் என்ற தேசியத் திட்டமும் நடப்பில் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் ஒரு பெண் கவுண்டரில் படிக்கும் எண், சான்றிதழ் சான்றிதழாகப் பின்னோக்கிப் போய் ஒரு அணுவில் முடிகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதெல்லாம் பழைய காலத்து வேலை என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது தானியங்கிச் சோதனை இயந்திரங்களே எல்லாவற்றையும் அளந்து தேர்ச்சி, தோல்வி என்று சொல்லிவிடுகின்றன, மனிதர் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த இயந்திரத்துக்குள்ளும் ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. அது பிசகினால் ஒரு கவுண்டர் தவறியபோது நடந்ததை விட ஆயிரம் மடங்கு வேகத்தில் தவறு பெருகும். அதைக் கண்டுபிடிக்க, எண்ணைச் சந்தேகிக்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். தேவையும் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் பெற்றும் இயங்கும் 5ஜி கோபுரங்களின் நேரம், பொதுவான தரத்திலிருந்து ஒன்றரை மைக்ரோவினாடிக்கு மேல் விலகக்கூடாது. பண்பலை நிலையம் ஒன்றின் அலை தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகரக்கூடாது என்பது பொதுவான வரம்பு. தொலைபேசியும் வானொலியும் மின்சாரமும் ஒழுங்காக ஓடுகிறதென்றால் எங்கோ ஒருவர் அதிர்வெண்ணைச் சரியாக அளந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆகவே நான் கேட்பது நான்கு.

முதலாவது, தொழில்திறன் கல்லூரிகளும் போலிடெக்னிக்குகளும் அளவியலை ஓர் அத்தியாயமாக ஓட்டிவிடாமல் கைப்பயிற்சியாக நடத்த வேண்டும். முதல் நாளே இரண்டு கவுண்டர்களில் ஒரே சிக்னலை ஊட்டி, இரண்டும் வெவ்வேறு எண் காட்டுவதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். எது சரி என்று அவர்களையே கண்டுபிடிக்க விட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஜிபிஎஸ் துணைக்கோள்களில் இருக்கும் அணுக்கடிகாரங்களைப் பின்பற்றி 10 மெகாஹெர்ட்ஸ் தரும் பெட்டி சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஜன்னலோரம் ஒரு ஆன்டெனாவை வைத்தால் போதும், வகுப்பறைக்கே ஒரு நல்ல ரெஃபரன்ஸ் வந்துவிடும்.

இரண்டாவது, மலேசியத் திறன் சான்றிதழுக்கான தேர்வுகளில் வெறும் எண்ணை மட்டும் விடையாக ஏற்கக்கூடாது. எண், அதன் பிழை வரம்பு, எந்த ரெஃபரன்ஸை வைத்து அளந்தது என்ற மூன்றையும் எழுதினால்தான் முழு மதிப்பெண் தர வேண்டும். பிழை வரம்பைச் சொல்வது பலவீனம் அல்ல, நேர்மை என்று பிள்ளைகளின் மனதில் அப்போதுதான் பதியும்.

மூன்றாவது, தொழிற்சாலைகள் கழித்துக்கட்டும் பழைய கவுண்டர்களைப் பயிற்சி நிலையங்களுக்குக் கொடுக்க வேண்டும். இருபது ஆண்டு பழைய கவுண்டருக்கு நல்ல ரெஃபரன்ஸை இணைத்தால் அது இன்றும் உண்மையைச் சொல்லும். அவற்றோடு என்னைப் போல ஓய்வு பெற்ற டெக்னீஷியன்களையும் அழையுங்கள். ஜெலுத்தோங்கிலும் குளுகோரிலும் பாயான் பாருவிலும் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். எங்கள் கைகளில் இருக்கும் அறிவு எங்களோடு போய்விடக்கூடாது.

நான்காவது, நம் தமிழ்ச் சமூகத்திடம் ஒரு வேண்டுகோள். கோயில்களும் சங்கங்களும் கல்வி நிதி கொடுக்கின்றன, மருத்துவம், சட்டம், பொறியியல் படிப்பவர்களை மேடையேற்றிப் பாராட்டுகின்றன. நல்லதுதான். கெலிப்ரேஷன் டெக்னீஷியன் என்ற தொழிலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாத பிள்ளையும் திறனாலும் பொறுமையாலும் மேலே வரக்கூடிய தொழில் இது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதில் சிறப்பார்கள். ஓப்பரேட்டராக உள்ளே போன நான் ஒரு கூடத்தின் பொறுப்பாளராக வெளியே வந்தேன். என்னோடு சேர்ந்த தோழிகள் பலரும் அப்படித்தான். எங்களுக்கு வழிகாட்டியது ஒரு நல்ல மேற்பார்வையாளரின் பொறுமை. அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது. அதனால்தான் அதைப் பாடத்திட்டமாக்கச் சொல்கிறேன்.

அரை நூற்றாண்டுக்கு மேல் பினாங்கு மற்றவர்கள் வடிவமைத்ததைப் பூட்டிச் சோதித்து அனுப்பியது. இப்போது சொந்தமாக வடிவமைக்கவும் தொடங்கிவிட்டது. அளவை நம்பி ஏற்றுக்கொள்பவராக இருந்து, அளவுக்குப் பொறுப்பேற்பவராக மாறினால்தான் அந்தப் பயணம் முழுமையடையும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மின்னணுவியல் படிக்கிறதா? இன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ அளந்த எண் சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" பதில் வராவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, அதே கேள்வியைக் கல்லூரியிடம் கேளுங்கள்.